கருப்பை நார்க்கட்டிகள்: சிகிச்சையும் உடல் தேறுதலும்

மாலையில் பள்ளி விட்டபின், மாணவன் ஒருவனின் தாய் ஆசிரியையைத் தேடி வருகிறாள். அவள் கையில் ஸ்கேன் நிலையத்தார் கொடுத்த ஒரு தாள். அது முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. “கருப்பையில் கட்டி இருக்கிறதாம், அம்மா. எடுக்காவிட்டால் புற்றுநோயாகிவிடும் என்கிறார்கள். அடுத்த வாரமே கருப்பையை எடுத்துவிட வேண்டுமாம். இந்தத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் இக்காட்சியைக் காணலாம். சில வேளைகளில் அந்தத் தாள் ஆசிரியையிடம் வருகிறது. சில வேளைகளில் ஆஷா ஊழியரிடமோ, துணைச் செவிலியரிடமோ, அங்கன்வாடிப் பணியாளரிடமோ வருகிறது. இவர்கள் மருத்துவர்கள் அல்லர். இன்ன சிகிச்சை செய்துகொள் என்று கூறும் உரிமை இவர்களுக்கு இல்லை. ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் இவர்கள் கூறும் சொற்களே, அப்பெண் அச்சத்தால் முடிவெடுப்பதா, அறிந்து முடிவெடுப்பதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இத்தகையோருக்குத் துணையாகும் செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துக் கூறுவோம்.

கட்டி என்னும் சொல்

மருத்துவ நூல்களைத் தமிழில் எழுதுவோர் இங்கே முதலில் ஒரு சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர். சீழ் கோத்த கொப்புளத்தையும் நாம் ‘கட்டி’ என்கிறோம். மார்பகப் புற்றையும் ‘கட்டி’ என்கிறோம். கருப்பையில் தோன்றும் தீங்கற்ற தசை உருண்டையையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் அச்சமும் ஒன்றாகிவிடுகிறது. ‘ஃபைப்ராய்டு’ என்றும் ‘மயோமா’ என்றும் ஸ்கேன் தாள்களில் எழுதப்படுவது இந்த மூன்றாம் வகையே. இதனை ‘நார்க்கட்டி’ என்று வேறுபடுத்திக் கூறுவது நலம். பெண்களிடம் பேசும்போது, “இது சீழும் அன்று, புற்றும் அன்று, கருப்பையின் தசையே ஓரிடத்தில் திரண்டு வளர்ந்திருக்கிறது” என்று விளக்கினால், பாதி அச்சம் அங்கேயே நீங்கிவிடும்.

கருப்பையின் சுவர் தசையினால் ஆனது. அத்தசையிலுள்ள ஒரேயொரு உயிரணு கட்டுப்பாடு தவறிப் பெருகத் தொடங்கும்போது நார்க்கட்டி பிறக்கிறது. பத்துக் கட்டிகளில் ஏறத்தாழ ஏழில் ‘மெட் 12’ எனப்படும் ஒரு மரபணுவில் மாற்றம் காணப்படுவதைப் பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் 2011இல் வெளியிட்டனர். பெண்ணின் சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களும் இக்கட்டிக்கு உரமாகின்றன. ஆகவேதான் பூப்பெய்துமுன் இது தோன்றுவதில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடுகிறது. இவ்வுண்மை சிகிச்சையைத் தேர்ந்துகொள்வதிலும் பயன்படுவதைப் பின்னர்க் காண்போம்.

இந்நோய் எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையின மாதரில் ஏறத்தாழ 70 சதவிகிதத்தினருக்கும், கறுப்பின மாதரில் 80 சதவிகிதத்திற்கு மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி உண்டாகிறது என்று கூறிற்று. அவர்களுள் பலர் ஸ்கேன் செய்து பார்க்கும்வரை அதனை அறிந்திருக்கவேயில்லை. எனவே கட்டி இருப்பது வேறு, நோயுற்றிருப்பது வேறு. துன்பம் தராத கட்டிக்குச் சிகிச்சை தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் பொது விதி.

இடம் அறிதல்

நார்க்கட்டியின் அளவைக் காட்டிலும் அது அமைந்துள்ள இடமே முக்கியமானது. கருப்பையை ஒரு வீடாக எண்ணிக்கொண்டால், சில கட்டிகள் வெளிச்சுவரில் புடைத்து நிற்கின்றன. சில சுவருக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. சில உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு வருகின்றன. உள்ளறைக்குள் வரும் கட்டி ஒரு நெல்லிக்காய் அளவே இருந்தாலும் இரத்தப்போக்கை மிகுதியாக்கும், கருத்தங்குவதையும் தடுக்கக்கூடும். வெளிச்சுவரில் உள்ளது ஓர் எலுமிச்சையளவு வளர்ந்தும் எத்தொல்லையும் தராமல் இருக்கலாம். மிகப் பெரிதானபின் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்யும், மலக்குடலை அழுத்தி மலச்சிக்கலை உண்டாக்கும். இவ்வமைப்பை 0 முதல் 8 வரை எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் வகுத்தது. ஸ்கேன் தாளில் இவ்வெண் குறிக்கப்பட்டிருந்தால், 0, 1, 2 என்பவை உள்ளறைப் பக்கத்துக் கட்டிகள் என்று கொள்க.

இன்று ஸ்கேன் என்று எளிதாகக் கூறுகிறோம். செவிக்கெட்டா ஒலியலைகளைக் கொண்டு வயிற்றுக்குள் இருக்கும் கட்டிகளைக் காணலாம் என்பதை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும் 1958இல் உலகுக்கு அறிவித்தனர். அதற்கு முன் மருத்துவர் தம் கைவிரல்களாலேயே கட்டியின் அளவை மதிப்பிட வேண்டியிருந்தது. இன்றும் அப்பரிசோதனை பயனற்றுப் போய்விடவில்லை. நோயாளியைத் தொட்டுப் பாராமல், ஸ்கேன் தாளை மட்டும் கண்டு அறுவைக்கு நாள் குறிப்பது முறையன்று.

ஓசையின்றி வடியும் இரத்தம்

நார்க்கட்டியால் நேரும் பெருந்தீங்கு, திங்கள்தோறும் ஏற்படும் மிகுந்த இரத்தப்போக்கே. ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல், ஒரு மணிக்கொரு முறை துணியையோ அணையாடையையோ மாற்ற நேரிடுதல், இரவில் எழுந்து மாற்றுதல், பெரிய கட்டிகளாக இரத்தம் உறைந்து வெளிப்படுதல் ஆகிய யாவும் மிகுதிக்கு அடையாளங்கள். ஆனால், ‘எத்தனை நாள் போகிறது?’ என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் கூறுவதற்கு நாணம். ‘உடம்பிலுள்ள கெட்ட இரத்தம் வெளியேறுகிறது, போகட்டும்’ என்று வீட்டிலுள்ள மூத்தோர் ஆறுதல் கூறிவிடுவதும் உண்டு. இது தவறான எண்ணம். வெளியேறுவது உடலின் நல்ல இரத்தமே. அதனோடு செல்வது அரிய இரும்புச் சத்து.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்த சோகை உடையவர்கள். ஏற்கெனவே வற்றிய கிணற்றிலிருந்து நீர் இறைப்பது போல, இவர்களுக்கு நார்க்கட்டியும் சேரும்போது நிலைமை விரைவில் மோசமாகிறது. படியேறினால் மூச்சு வாங்குதல், படபடப்பு, கண் இமையின் உட்புறம் வெளுத்தல், மண்ணையோ பச்சரிசியையோ தின்ன வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றைக் காணும் களப்பணியாளர் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் செய்தல் வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 8 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான நிலை. எந்தச் சிகிச்சையை மேற்கொண்டாலும் இரத்த சோகையைத் தீர்ப்பது முதற்கடமையாகும். அவசரமில்லாத அறுவையைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, மாத்திரையாகவோ இரத்தக்குழாய் வழியாகவோ இரும்புச் சத்தை ஏற்றியபின் செய்தால், வேறொருவர் இரத்தத்தை ஏற்றும் தேவையும் குறைகிறது. பின்னர் உடல் தேறுவதும் விரைவாகிறது.

புற்றுநோயாக மாறுமா?

இக்கேள்விக்குத் தெளிவான விடை தேவை. நார்க்கட்டி புற்றுநோய் அன்று. மிக அரிதாக, நார்க்கட்டி என்று கருதப்பட்ட ஒன்று ‘சார்கோமா’ என்னும் தசைப் புற்றாக இருந்துவிடக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொண்ட 350 பெண்களுள் ஒருவரிடம் இத்தகைய புற்று மறைந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் சில இதனினும் குறைந்த எண்ணிக்கையையே கூறுகின்றன. வயிற்றுக்குள்ளேயே கட்டியைப் பொடியாக்கி வெளியே எடுக்கும் சுழற்கத்தியின் பயனை அந்நிர்வாகம் கட்டுப்படுத்தியதற்கு இதுவே காரணம். எனவே, ‘புற்றுநோய் வந்துவிடும்’ என்ற ஒரே காரணம் காட்டி இளவயதுப் பெண்ணின் கருப்பையை அகற்றுவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை. ஆயினும், மாதவிடாய் நின்றபின் கட்டி வளர்ந்தாலோ, நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் காணினும், உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

மருந்துகள்

துன்பம் தரும் கட்டிக்கு முதலில் மருந்துகளை முயன்று பார்ப்பது வழக்கம். அவற்றுள் எளியது டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ என்னும் பெண் விஞ்ஞானி, மகப்பேற்றின்போது இரத்தம் பெருகி உயிரிழக்கும் தாய்மாரைக் காக்க எண்ணி, தம் கணவரோடு ஆராய்ந்து 1962இல் இதனை வெளியிட்டார். உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் இது காக்கிறது. இரத்தப்போக்குள்ள நாட்களில் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது; கால் நரம்புகளில் இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கு ஆகாது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சிறுகச் சிறுக வெளியிடும் கருப்பை வளையம் இரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கிறது. ஆயின் கருப்பையின் உள்ளறை கட்டியால் உருமாறியிருந்தால் அது நிலைத்திராமல் வெளியே வந்துவிடலாம். சினைப்பைகளின் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் லியூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்கும். ஆனால் நெடுநாள் கொடுத்தால் எலும்பு வலுவிழக்கும். ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். எனவே அறுவைக்கு முன் மூன்று திங்கள் அளவில் அதனைக் கொடுப்பது வழக்கம். இதே பயனை மாத்திரை வடிவில் தரும் ரெலுகோலிக்ஸ் கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் கிடைத்தது. அதனையும் இரண்டாண்டுகளுக்கு மேல் கொடுப்பதில்லை. உலிப்ரிஸ்டல் என்னும் மாத்திரை கல்லீரலுக்குக் கேடு விளைவித்ததால், ஐரோப்பிய நாடுகளில் 2020இல் அதன் பயன் மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. மருந்துக் கடைக்காரர் கூறினார் என்று எம்மாத்திரையையும் வாங்கி உண்ணலாகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதுடைய பெண்ணுக்கு மருந்தால் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி, இரத்த சோகையையும் போக்கிவிட்டால், மாதவிடாய் இயல்பாக நிற்கும்வரை காத்திருப்பதே போதுமான சிகிச்சையாகலாம். அதன்பின் கட்டி தானே சுருங்கும்.

கட்டியை மட்டும் எடுத்தல்

கருப்பையைக் காத்து, கட்டியை மட்டும் அகற்றும் அறுவைக்கு ‘மயோமெக்டமி’ என்று பெயர். இதன் வரலாற்றில் விக்டர் பான்னி என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயர் நிலைத்து நிற்கிறது. 1872இல் பிறந்த இவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். இவருடைய மனைவிக்கு இளமையிலேயே நார்க்கட்டிக்காகக் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்குக் குழந்தைப் பேறு இல்லாமற்போயிற்று. தம் இல்லத்தில் நேர்ந்த அந்த இழப்பு பிற இல்லங்களில் நேராதிருக்க வேண்டும் என்று பான்னி பாடுபட்டார். கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும் ஓர் இடுக்கியைத் தாமே வடிவமைத்தார். ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்து, அக்கருப்பையையும் காத்தார். தம் அனுபவத்தை 1946இல் நூலாக வெளியிட்டார். கட்டி பல என்பதால் மட்டுமே கருப்பையை இழக்க வேண்டியதில்லை என்று அவர் அன்று மெய்ப்பித்தது இன்றும் பொருந்துவதாகும்.

இந்த அறுவையை இப்போது மூன்று வழிகளில் செய்கின்றனர். உள்ளறைக் கட்டியை, வயிற்றைக் கீறாமல் கருப்பை வாய் வழியே குழல் செலுத்தி எடுக்கலாம். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். ஏனையவற்றைச் சிறு துளைகளின் வழியாகவோ, வயிற்றைத் திறந்தோ எடுக்கின்றனர். குழந்தை வேண்டுவோர்க்கு இதுவே ஏற்ற வழி. ஆயினும் இரண்டு குறிப்புகளை மறத்தலாகாது. முதலாவது, புதிய கட்டிகள் பின்னர்த் தோன்றக்கூடும். இரண்டாவது, கருப்பைச் சுவரில் ஆழமான தழும்பு இருந்தால் மகப்பேற்றின்போது அது பிளவுபடும் அபாயம் உண்டு. ஆதலின் அடுத்த கருத்தரிப்பைச் சில திங்கள் தள்ளிவைக்க வேண்டும். அறுவையின் விவரம் எழுதிய தாளைப் பாதுகாத்து, பேறுகால மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தாள் தொலைந்துபோனால் ஓர் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இரத்த ஓட்டத்தை அடைத்தல்

பாரிஸ் நகர மருத்துவர் ழாக் ரவினா, அறுவையின்போது இரத்தம் மிகுதியாகப் பெருகாதிருக்க, முன்கூட்டியே கருப்பைத் தமனிகளுக்குள் நுண்ணிய துகள்களைச் செலுத்தி அடைத்துவந்தார். அறுவைக்குக் காத்திருந்த பெண்களுட் பலர், தமக்கு இப்போது எத்தொல்லையும் இல்லை என்றும் அறுவை வேண்டாம் என்றும் கூறத் தொடங்கினர். இரத்தம் கிட்டாத கட்டிகள் சுருங்கிப்போயிருந்தன. துணைச் சிகிச்சையாகத் தொடங்கியது இவ்வாறு தனிச் சிகிச்சையாக மாறியதை அவர் 1995இல் வெளியிட்டார். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகச் செய்யப்படும் இம்முறையில் வயிற்றில் தழும்பு இல்லை. ஓரிரு வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். முதற்சில நாட்களில் கடும் வலியும் காய்ச்சலும் வருவதுண்டு. பின்னர்க் கருவுற விரும்புவோர்க்கு இதனைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நம் நாட்டில் இவ்வசதி பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் கிடைக்கிறது.

கருப்பையை அகற்றுதல்

அமெரிக்காவில் லோவெல் என்னும் ஊரில் 1853இல் வால்ட்டர் பர்ன்ஹாம் என்பவர், சினைப்பைக் கட்டி என்று எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். மயக்க மருந்தால் அவள் வாந்தியெடுக்க, நார்க்கட்டி நிறைந்த கருப்பை வெளியே பிதுங்கிவிட்டது. மீண்டும் உள்ளே தள்ள இயலாமையால் அதனை அறுத்தெடுத்தார், அப்பெண் பிழைத்தாள். வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றி, நோயாளி உயிர் பிழைத்த முதல் நிகழ்ச்சி இதுவே. தற்செயலாக நேர்ந்த ஒன்று, நூறாண்டுகளுக்குள் உலகெங்கும் அன்றாட அறுவையாயிற்று. மருந்தாலும் பிற முறைகளாலும் தீராத இரத்தப்போக்கு, மிகப் பெரிய கட்டிகள், குழந்தைப் பேற்றை முடித்துவிட்ட நிலை ஆகியவை ஒருங்கே இருப்பின், இவ்வறுவை முழு நிவாரணம் தருவதாகும். இதனை அஞ்சி, ஆண்டுக்கணக்கில் இரத்தம் இழந்து வாடுவதும் அறிவுடைமை அன்று.

ஆனால் நம் நாட்டில் இதன் மறுபக்கம் கவலைக்குரியது. தேசியக் குடும்பநல ஆய்வு 2015–16இல்தான் முதன்முதலாக இதுபற்றி வினவியது. 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 3 சதவிகிதத்தினர் கருப்பையை இழந்திருந்தனர். அறுவை செய்துகொண்ட வயதின் இடைநிலை 34. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடையே 2019இல் மாநில அரசின் குழு ஒன்று விசாரித்தது; 82,000க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கில், 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள் எனத் தெரியவந்தது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ‘கோய்தா’ என்று ஒரே ஆளாகக் கணக்கிடப்படுகின்றனர். கோய்தா என்றால் அரிவாள். வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் உண்டு. கரும்புத் தோட்டத்தில் கழிப்பறையும் இல்லை, நீரும் இல்லை. அந்நிலையில் மாதவிடாயே ஒரு சுமையாகிவிடுகிறது. அவர்களுக்குத் தேவையாயிருந்தது கத்தியன்று. ஓய்வும், நீரும், மருந்தும், நேர்மையான ஆலோசனையுமே.

தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவற்றைக் குறித்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அந்நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று திங்களுக்குள் மேற்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5ஆம் நாள் ஆணையிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களை அந்நெறிகள் வகுத்துள்ளன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட பெண், கீழ்க்கண்ட வினாக்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுமாறு ஆசிரியர்கள் உதவலாம்.

1. கட்டி எந்த இடத்தில் உள்ளது? என் துன்பத்திற்கு அதுதான் காரணமா?
2. மருந்தை முயன்று பார்த்தோமா? இன்னும் முயலலாமா?
3. கருப்பையைக் காத்து, கட்டியை மட்டும் எடுக்க இயலுமா?
4. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? அதனை உயர்த்தியபின் செய்யலாமா?
5. சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா? எனில், எதற்காக?

ஐந்தாவது வினா மிகவும் முக்கியமானது. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்குமே தவிர, சினைப்பைகள் தொடர்ந்து சுரக்கும். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே அவற்றையும் எடுத்துவிட்டால், மறுநாளே முதுமை தொடங்கியது போன்ற நிலை உண்டாகும்: உடல் தகிப்பு, உறக்கமின்மை, எலும்புத் தேய்வு, காலப்போக்கில் இதய நோய். நார்க்கட்டிக்காக நல்ல சினைப்பைகளை அகற்ற வேண்டியதில்லை. வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கு வழியுண்டு. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. ஆயினும் பணம் கிடைக்கிறது என்பதே அறுவைக்குக் காரணமாகிவிடக் கூடாது.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்ததோடு சிகிச்சை முடிவதில்லை. வயிற்றைத் திறந்து செய்த அறுவையாயின் ஆறு முதல் எட்டு வாரங்களும், துளை வழியாகவோ பிறப்புறுப்பு வழியாகவோ செய்ததாயின் மூன்று, நான்கு வாரங்களும் உடல் தேறுவதற்கு வேண்டும். வெளித் தையல் ஆறிவிட்டது என்பதால் உள்தையலும் ஆறிவிட்டதாகக் கொள்ளலாகாது.

அறுவை நடந்த மறுநாளே எழுந்து நடக்கச் செய்வர். இது கொடுமையன்று, கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்கவும் குடல் இயங்கவும் இன்றியமையாதது. இருமும்போது சிறு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டால் வலி குறையும். வீடு திரும்பியபின் நாள்தோறும் சிறிது சிறிதாக நடையை மிகுதியாக்கலாம். ஆனால் ஆறு வாரங்கள்வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் எடை தூக்கலாகாது. ஒரு குடம் நீர் பத்துக் கிலோவுக்கு மேற்பட்டது என்பதை வீட்டார்க்கு எடுத்துக் கூறுங்கள். குடம், விறகுக்கட்டு, குழந்தை, மாவாட்டும் கல் ஆகிய யாவும் இக்கணக்கில் அடங்கும். ‘கனமான வேலை செய்யாதே’ என்று மருத்துவர் பொதுவாகக் கூறும்போது, நீர் சுமப்பதை வேலையென்று எவரும் கருதுவதில்லை. அது அன்றாடக் கடமை என்றே எண்ணுகின்றனர். அக்கடமையை ஆறு வாரங்கள் யார் ஏற்பது என்பதை, அறுவைக்கு முன்பே குடும்பத்தார் முடிவு செய்தல் வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் நீரைக் குறைப்பதும், பருப்பையும் முட்டையையும் விலக்குவதும் தீங்கே தரும். ஆறும் புண்ணுக்குப் புரதம் தேவை. இழந்த இரத்தத்திற்கு இரும்பு தேவை. பருப்பு, பயறு, கீரை, கேழ்வரகு, உண்போர்க்கு முட்டையும் மீனும் ஏற்றவை. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு உட்கொள்ளப்படும். உணவையொட்டித் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலச்சிக்கலால் முக்குவது உள்தையலுக்குத் தீது. எனவே நீரும் நார்ச்சத்தும் மிகுதியாக வேண்டும்.

கருப்பை நீக்கத்திற்குப்பின் சில வாரங்கள் பழுப்பு நிறக் கசிவு சிறிதளவு இருக்கலாம். மருத்துவர் மறுபரிசோதனை செய்யும்வரை, பொதுவாக ஆறு வாரங்கள், தாம்பத்திய உறவைத் தவிர்த்தல் வேண்டும். இதனைக் கணவரிடம் எடுத்துரைக்கும் பொறுப்பைச் செவிலியர் ஏற்றுக்கொள்வது நலம். கருப்பை வாயை விட்டுவைத்து அறுவை செய்திருந்தால், கருப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையைத் தொடர்ந்து செய்துவர வேண்டும்.

பின்வருவனவற்றுள் எது காணப்பட்டாலும் நாளை பார்க்கலாம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக: 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், புண் சிவந்து சீழ் வடிதல், புதிதாக மிகுந்த இரத்தப்போக்கு, நாற்றமுள்ள கசிவு, சிறுநீர் தடைப்படுதல் அல்லது தானாக ஒழுகுதல், ஒரு காலின் கெண்டைத் தசை வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி.

மனமும் தேற வேண்டும்

கருப்பையை இழந்த பெண்களுட் சிலர், நெடுநாள் துன்பம் தீர்ந்ததென்று மகிழ்கின்றனர். வேறு சிலர் காரணம் கூறவியலாத வருத்தத்தில் ஆழ்கின்றனர். ‘இனி நீ பெண்ணே அல்லள்’ என்ற ஒரு சொல்லை வீட்டில் யாரேனும் கூறிவிட்டால், எம்மருந்தாலும் அப்புண் ஆறுவதில்லை. பெண்மை என்பது ஓர் உறுப்பில் அடங்குவதன்று. உடல் வலிவும், உழைப்பும், இல்லற இன்பமும் தேறியபின் முன்போலவே திரும்பும். இதனைக் களப்பணியாளர் அறுவைக்கு முன்பு ஒருமுறையும், பின்பு ஒருமுறையும் கூறுதல் வேண்டும். கூறுவதைக் காட்டிலும், அவள் பேசுவதைப் பொறுமையோடு கேட்டல் வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய தாய் இன்னும் பள்ளி வாயிலில் நிற்கிறாள். தாளை வாங்கிப் படித்த ஆசிரியை, “இதில் புற்றுநோய் என்று எங்கும் எழுதவில்லை. நார்க்கட்டி என்று இருக்கிறது. இதற்குப் பல வழிகள் உண்டு. முதலில் இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். மாவட்ட மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடமும் கேட்போம். அதன்பின் நீயே முடிவு செய்” என்று கூறக்கூடுமானால், அவ்வளவே போதும். அந்த முடிவு அறுவையாகவும் இருக்கலாம், காத்திருத்தலாகவும் இருக்கலாம். எதுவாயினும் அது அவள் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.